புல்சரிவில் ஒரு நீலன்: 140 படம் எடுத்தும் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை

புல்நுனி:

வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று வாரத்துக்கு முன்னால் வயல்களைத் தாண்டி ஒரு புல்சரிவில் நடந்துகொண்டிருந்தபோது, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீல வண்ணத்துப்பூச்சி காலடியிலிருந்து எழும்பி இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. கைபேசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது. அதை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். இந்தப் பக்கம் இது தட்டுப்பட்டுப் பல வருஷமாகிறது, ஆனால் இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சிறகின் அடிப்புறம் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து வா என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கையில் இருந்ததைப் போட்டு, மிகப் பக்கத்தில் போய் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் மொத்தம் 140 படம் எடுத்தேன். அதில் பாதி வெறும் இலை, ஏனென்றால் நான் அழுத்தும் நேரத்தில் அது கிளம்பிவிட்டது. மீதியில் ஒன்றில் உணர்கொம்பு மட்டும் தெளிவு, இன்னொன்றில் சிறகின் ஓரம் மட்டும் தெளிவு, முழுசாக ஒன்றுகூட இல்லை. பத்து, பதினோரு மணிவாக்கில் போகிறேன், வெயில் நன்றாகவே இருக்கிறது. அபர்ச்சர் (லென்ஸின் ஒளித் திறப்பு, எண் சின்னதானால் திறப்பு பெரிது) 2.8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/80 அல்லது 1/100 நொடி, ஆட்டோ ஃபோக்கஸ். லென்ஸில் கோளாறா, என்னிடம் கோளாறா?

பழையலென்ஸ்:

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

2.8 என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம், காசு கொடுத்து வாங்கின அபர்ச்சரைத் திறந்து வைக்காமல் எப்படி என்று. ஆனால் அவ்வளவு பக்கத்தில் போகும்போது கணக்கே வேறு. ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சர் இருப்பதில், பொருளும் சென்சரில் விழும் பிம்பமும் ஒரே அளவு, அதாவது 1:1, என்ற நிலையில் 2.8-இல் உங்களுக்குக் கிடைக்கும் தெளிவான ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பூச்சியின் கண்ணே அதைவிடத் தடிமன். 8-க்கு மூடினால் சுமார் ஒரு மில்லிமீட்டர். இன்னும் கொஞ்சம் பின்னால் வந்து பாதி அளவில், 1:2-இல் எடுத்தால் அதே 8-இல் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் கிடைத்துவிடும். எனவே பூச்சியால் படச்சட்டத்தை நிரப்பும் ஆசையைக் கொஞ்சம் விடுங்கள், பின்னால் நின்று எடுத்துவிட்டு அப்புறம் கிராப் செய்துகொள்ளலாம், இப்போதைய சென்சர்கள் அதைத் தாங்கும்.

சரி அப்படியானால் 22-க்கே மூடிவிடலாமே என்று அடுத்த ஞாயிறு முயன்று பார்ப்பீர்கள், நானும் பார்த்தேன். வேண்டாம். 1:1-இல் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைப் போல இரண்டு மடங்காகத்தான் அது வேலை செய்கிறது, 16 வைத்தால் 32 மாதிரி, ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மெழுகு பூசினது போல ஆகிவிடும். 8-இலிருந்து 11 வரை போதும்.

ஷட்டர் 1/80 மகா தப்பு. லென்ஸின் மி.மீ. எண்ணை ஷட்டருக்குக் கீழே போட்டால், 100 மி.மீ. என்றால் 1/100 என்று, கை நடுக்கம் தெரியாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அது தூரத்தில் இருக்கும் பொருளுக்கு. இங்கே உங்கள் நாடித்துடிப்பே படத்தில் தெரியும், அத்துடன் புல்லும் ஆடுகிறது. 1/320-க்குக் கீழே இறங்காதீர்கள், அதற்காக ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்வு) 800, 1600 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி ஒரு காகிதத் துண்டு மாதிரி தட்டை. கேமராவின் முதுகு அந்தக் காகிதத்துக்கு இணையாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலேயே முழுச் சிறகும் வந்துவிடும். நீங்கள் மேலிருந்து சாய்த்துப் பார்த்து எடுத்திருப்பீர்கள், அதனால்தான் ஓரம் ஒரு படத்தில், கொம்பு ஒரு படத்தில். முழங்காலில் இறங்குங்கள், முடிந்தால் படுங்கள். ஆட்டோ ஃபோக்கஸ் முன்னால் இருக்கும் புல்லைப் பிடித்துக்கொண்டு தவிக்கும், அதை நிறுத்திவிட்டு வளையத்தை ஓரிடத்தில் வைத்து உடம்பை மட்டும் ஒரு நூலிழை முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிந்த நொடியில் நாலைந்து தொடர்ச்சியாக அழுத்துங்கள்.

வேகக்காற்று:

இடம் எது என்று சொல்லவே இல்லையே? லொகேஷன் போடுங்கள், வருகிற சனிக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் வருகிறோம், பிளாஷ் எல்லாம் இருக்கிறது, ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஈரமண்:

இடம் பற்றி வேறு யாராவது சண்டை போடுவார்கள், நான் பூச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

பழையலென்ஸ் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் உங்களைக் கேமராவுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். உங்கள் முதல் தப்பு 2.8 இல்லை, பதினோரு மணி. வண்ணத்துப்பூச்சிக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது, பறக்கும் தசைகள் சுமார் 30 டிகிரிக்கு ஏறினால்தான் அதனால் ஒழுங்காகக் கிளம்ப முடியும். பதினோரு மணிக்கு அது முழுதாகச் சூடேறி, துணை தேடி, எதிரியைத் துரத்தி, நிமிஷத்துக்கு நாலு இடம் மாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பின்னாலேயே ஓடுகிறவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார், வேறொன்றும் நடக்காது.

சூரியன் புல்லுக்கு எட்டுவதற்கு முன்னால் அங்கே இருங்கள். நீலன்கள் பல இனம் புல்தாளில் தலைகீழாகத் தொங்கி இரவைக் கழிக்கும், சில சமயம் ஒரே இடத்தில் நாலைந்து. பனித்துளியோடு அசையாமல் இருக்கும், முக்காலி வைத்துக்கூட எடுக்கலாம். வெயில் வந்ததும் சிறகை மெதுவாகப் பாதி விரிக்கும், கொஞ்ச நேரம் அப்படியே காயும், அப்போதுதான் மேல்புறம் கிடைக்கும். இதற்குப் பத்து இருபது நிமிஷம்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் திரும்ப மாலையில், சூரியன் சாயும்போது, அவை அடங்க இடம் தேடும் நேரத்தில் வாருங்கள். எங்கே அடங்குகிறது என்று மாலையில் பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் காலை தேட வேண்டிய வேலையே இல்லை. நான் அநேகமாக அப்படித்தான் செய்வேன், முதல் நாள் மாலை கேமராவே எடுத்துப் போவதில்லை.

நெருங்கும் விதம்: அதற்குக் கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பார்க்கும் கண், ஆனால் நம்மைப் போல நுணுக்கமாகத் தெரியாது, அசைவும் நிழலும்தான் தெரியும். எனவே உங்கள் நிழல் அதன்மேல் ஒரு நொடிகூட விழக்கூடாது. குறுக்கே நடக்காமல் நேராக, தாழ்வாக, நின்று நின்று போங்கள். பூவில் உறிஞ்சுகுழலை இறக்கிவிட்டதா என்று பாருங்கள், இறக்கின பிறகு நகர்ந்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. சில ஆண்கள் ஒரு குறிப்பிட்ட இலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இலைக்கு வரும். அப்படிப்பட்டதைத் துரத்துவது மாதிரி முட்டாள்தனம் இல்லை. இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலைமேல் ஃபோக்கஸ் வைத்துக் காத்திருங்கள், அதுவாக வந்து உட்காரும்.

அப்புறம் ஈர மண். என் பெயரே அதுதான். ஓடைக்கரையில், வண்டித்தடத்துச் சேற்றில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுகிறதே, அவை பெரும்பாலும் ஆண்கள், தேடுவது உப்பு. அந்த உப்பில் ஒரு பங்கு, துணையோடு இணையும்போது, பெண்ணுக்கும் அதன் வழியாக முட்டைக்கும் போகிறது. அப்படி மூழ்கி உறிஞ்சும்போது ஒரு சாண் வரைக்கும் போகலாம். வேர்த்த கையை நீட்டினால் விரலில் உட்கார்ந்து உறிஞ்சும், அந்தக் கையில் கேமரா பிடிக்க முடியாது என்பதுதான் துக்கம்.

கல்லிடுக்கு:

சண்டை போடுவார்கள் என்று ஈரமண் சொன்னது என்னைத்தான் என்று நினைக்கிறேன். சரி, போடுகிறேன்.

புல்நுனி, இடத்தைப் போடாதீர்கள். இங்கே மட்டுமில்லை, எங்கேயும். வேகக்காற்று நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார், ஆனால் ஏழெட்டுப் பேர் என்றால் பதினாறு முழங்கால். உங்கள் பூச்சி நகத்தளவு, அதன் முட்டை கடுகைவிடச் சின்னது, அது இருக்கும் செடி எது என்று இன்னும் நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு பாறை இடுக்கில் குஞ்சு பொரித்திருந்த ஒரு பறவையை நான் படம் எடுத்துப் பெருமையாகப் போட்டேன், பின்னணியில் ஒரு வளைந்த மரமும் ஒரு மேடும் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது ஞாயிறு போனபோது மூன்று கூட்டம் வந்து போயிருந்தது. யாரோ படத்துக்கு மறைக்கிறது என்று முன்னால் இருந்த கிளையை ஒடித்து வைத்திருந்தார்கள். நிழல் போய்விட்டது, மறைவும் போய்விட்டது. கூடு காலி. அதற்கு நான் காரணமில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

கைபேசிப் படத்தில் எடுத்த இடம் எண்ணாக உள்ளேயே பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். சிலர் படத்தைக் கோப்பாக அனுப்புவார்கள், தரம் குறையாது என்று, அப்போது அந்த எண்ணும் சேர்ந்தே போகும். பதிவுக்காகப் போட வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் பதிவுத் தளத்தில் போடலாம், ஆபத்தில் இருக்கும் இனம் என்று குறிக்கப்பட்டதை அதுவே சுமார் 20 கி.மீ. சதுரத்துக்குள் எங்கோ ஓரிடம் என்று மங்கலாக்கிக் காட்டும். உங்கள் இனம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் நீங்களே மறைக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

வேகக்காற்று:

அது சரி, எல்லாரும் ஒளித்து ஒளித்து வைத்துக்கொண்டால் புதிதாக வருகிறவன் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்? எனக்குப் பூச்சி என்றாலே என்னவென்று தெரியாது, ஒருத்தர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினதால்தான் வந்தேன். பத்துப் பேருக்கு ஓர் இடம் தெரிந்தால் அதை ஒருவன் அழிக்கப் போகும்போது பத்துப் பேர் கேட்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த இடம் ஒரு நாள் காலையில் தரைமட்டமானால் யாருக்குத் தெரியும்? ஒளித்து வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர் பூச்சிக்காக ஒளிக்கவில்லை, தன்னிடம் மட்டும் அந்தப் படம் இருக்க வேண்டும் என்று ஒளிக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லிடுக்கு:

கடைசி வரி உண்மை. மற்றதுக்கு என் பதில் அதே பதினாறு முழங்கால்.

மேய்ச்சல்:

நீங்கள் இரண்டு பேரும் சொல்வதில் பாதிப்பாதி இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் ஆட்களையே பார்க்கிறீர்கள், புல்லைப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் பெரிய நீலன் என்று ஒன்று, அதன் கதையைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அதன் புழு காட்டு ஓமம் மாதிரியான ஒரு மணமுள்ள சின்னச் செடியின் பூவைச் சுமார் மூன்று வாரம் தின்னும், அப்புறம் தரையில் விழுந்துவிடும். ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பித் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போகும். உள்ளே போனதும் அது எறும்பின் குஞ்சுகளையே தின்று சுமார் பத்து மாதம் வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளியே நடந்து வரும். அந்தப் பூச்சி குறைந்துகொண்டே வந்தபோது எல்லாரும் வலையோடு வந்த சேகரிப்பாளர்களைத்தான் திட்டினார்கள். வேலி போட்டார்கள். வேலி ஆளை நிறுத்தியது, கூடவே ஆட்டையும் மாட்டையும் நிறுத்தியது. 1950களில் ஒரு நோய் வந்து முயல்களும் கொத்துக்கொத்தாகச் செத்தன. மேய ஆளில்லாமல் புல் வளர்ந்தது. புல் சில சென்டிமீட்டர் கூடினாலே தரையில் வெயில் படாமல் மண் குளிர்ந்துவிடும், வெதுவெதுப்பான மண்ணுக்குப் பழகின அந்த எறும்பு போய், அதே மாதிரி இருக்கும் வேறு எறும்பு வந்தது. அதன் புற்றில் புழு பிழைக்கவில்லை. செடி இருந்தது, பூ இருந்தது, வேலியும் இருந்தது, பூச்சி மட்டும் இல்லை. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் வருஷக்கணக்கில் அந்தப் புல்லிலேயே கிடந்து இதைக் கண்டுபிடித்தார், ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது, 1979-இல் பிரிட்டனில் அது அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். 1983-இலிருந்து சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டு, புல்லை ஒட்ட மேயவிட்டு, இப்போது திரும்ப நிலைத்திருக்கிறது. சில இடங்களில் பொதுமக்களே போய்ப் பார்க்கலாம், தடத்தை விட்டு இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே புல்நுனி, உங்களிடம் என் கேள்வி லென்ஸ் பற்றி இல்லை. அந்தச் சரிவில் புல் எவ்வளவு உயரம்? யாராவது வெட்டுகிறார்களா, மேய்கிறதா? எந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி அது வருகிறது?

கல்லிடுக்கு:

இடம் தெரிந்ததாலும் கெட்டது நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன அதே பெரிய நீலனைப் பிடித்துக் கொன்றதற்காக 2017-இல் அங்கே ஒருவர் தண்டிக்கப்பட்டார், கண்காணிப்பு இருந்த இடத்திலேயே.

மேய்ச்சல்:

ஆமாம், நடந்தது. அவர்மேல் சந்தேகப்பட்டுப் பார்த்து வைத்ததும் அங்கே பூச்சி பார்க்க வந்திருந்தவர்கள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையால் போனது சில பூச்சிகள். புல் வளர்ந்ததால் போனது ஒரு நாட்டில் இருந்த மொத்தமும்.

குட்டித்தூக்கம்:

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பூச்சியை டப்பாவில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிஷம் வைத்து எடுத்து, மயங்கின நிலையில் பூவின்மேல் வைத்துப் படம் எடுக்கிறார். படம் அட்டகாசமாக இருக்கிறது. செத்துப் போவதில்லை என்கிறார். இது தப்பா?

ஈரமண்:

தப்பு. குளிரில் இருந்து வந்தது சிறகைச் சரியாக வைத்துக்கொள்ள முடியாமல் கிடக்கும், அந்த நேரத்தில் எறும்பு வந்தாலும் பல்லி வந்தாலும் அதால் ஓட முடியாது. சாகவில்லை என்று அவர் எப்படிச் சொல்கிறார், பின்னாலேயே போய்ப் பார்த்தாரா? அது போகட்டும், அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கால்கள் பூவைப் பிடித்திருக்காது, உணர்கொம்பு தொய்ந்திருக்கும், அந்த இனம் எட்டிக்கூடப் பார்க்காத ஏதோ தோட்டப் பூவில் உட்கார்ந்திருக்கும்.

பழையலென்ஸ்:

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கின ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து நீக்கினார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார், ஆனாலும் பரிசு போனது போனதுதான். 2017 போட்டியில் பரிசு வாங்கின எறும்புண்ணிப் படத்திலும் இருந்தது பாடம் செய்து வைத்த பொம்மை என்று அடுத்த வருஷம் தள்ளினார்கள். பூச்சிப் படத்தில் இது அவ்வளவு சுலபமாக மாட்டாது, அதனால்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகவே படுத்துக் கிடந்து எடுத்த படம் மக்களுக்குச் சப்பென்று தெரிகிறது. பனித்துளி என்று சிலர் தெளிப்பானில் அடிப்பது வேறு. நிஜப் பனி ரோமத்தின் நுனியில் பொடிப்பொடியாக நிற்கும், தெளித்தது உருண்டு வழியும்.

புல்நுனி:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. இடத்தைப் போடவில்லை, வேகக்காற்று மன்னிக்கவும், காரணம் கீழே.

சனிக்கிழமை மாலை கேமரா இல்லாமல் போனேன், ஈரமண் சொன்னபடி. முதல் அரை மணி நேரம் என்ன செய்வதென்றே தெரியவில்லை, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அப்புறம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேய்ச்சல் கேட்டதால் செடியைப் பார்த்தேன். கணுக்கால் உயரத்துக்கு ஒரு படர்செடி, அவரைப் பூ மாதிரி மிகச் சின்ன மஞ்சள் பூ, சரிவு முழுக்க இல்லை, நடந்து நடந்து தேய்ந்த ஒரு பகுதியில் மட்டும் இருக்கிறது. ஒரு பெண் பூச்சி வந்து (நீலமே இல்லை, பழுப்பு, நான் இத்தனை நாள் அதை வேறு ஏதோ என்று விட்டுவிட்டேன்) ஒவ்வொரு மொட்டிலும் காலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றில் வயிற்று நுனியை வளைத்து அழுத்தியது. போன பிறகு குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, தட்டையாக, ஊசித்தலையைவிடச் சின்னதாக ஒன்று.

அடுத்த செடியில் எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு கூடியிருந்த இடத்தில் பார்த்தால் பச்சையாக ஒரு நத்தை மாதிரி புழு. அதை எறும்பு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. தின்னவில்லை.

இனி சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் செடி இருக்கும் பகுதியில் ஓரமாக ஒரு வட்டம் நசுங்கிக் காய்ந்து போயிருந்தது. போன ஞாயிறு பை வைத்து, முழங்கால் போட்டு, இரண்டு மணி நேரம் நான் உருண்ட இடம். என் லென்ஸ் மூடி அங்கேதான் கிடந்தது.

ஈரமண்:

அந்த எறும்பு அதைத் தின்னாது. நீலன் புழுக்கள் பலவும் உடம்பிலிருந்து இனிப்பான ஒரு திரவம் விடும், எறும்பு அதற்காகக் காவல் நிற்கும், குளவியும் ஒட்டுண்ணி ஈயும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். பெரிய நீலன் மாதிரி ஏமாற்று இல்லை, இது கொடுக்கல் வாங்கல். காலை வைத்து வைத்துப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது காலால் ருசி பார்த்தது. செடி சரிதானா என்று அப்படித்தான் உறுதி செய்துகொள்ளும். மூன்றே மணி நேரத்தில் இதெல்லாம் பார்த்துவிட்டீர்கள், எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

நசுங்கின இடத்தைப் பற்றி: நடந்து தேய்ந்த பகுதியில்தான் அந்தச் செடியே இருக்கிறது என்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். கொஞ்சம் மிதிபடுவது அதற்குத் தேவை, ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உருள்வது தேவையில்லை. செடி தழைக்கும். முட்டை போனது போனதுதான்.

கல்லிடுக்கு:

லென்ஸ் மூடி எனக்குப் புரிகிறது. இனிமேல் உட்காருவதற்கு முன் எங்கே உட்காருகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்ப்பீர்கள்.

பழையலென்ஸ்:

செடிக்கு ஒரு அடி தள்ளி வெறும் மண் இருந்தால் அங்கே படுங்கள். 100 மி.மீ. லென்ஸில் 1:1-க்குப் போனால் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் 15 செ.மீ.தான் இருக்கும், அது உங்களைச் செடிக்குள் இழுத்துவிடும். உங்களிடம் தூரத்தை இழுத்துக் காட்டும் 300 மி.மீ. டெலி லென்ஸ் ஏதாவது இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டிக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளி இருந்தே எடுக்கலாம், பின்னணியும் சுத்தமாக மங்கிவிடும், தும்பிக்கும் அதே ஏற்பாடுதான். டியூபுக்குள் கண்ணாடி கிடையாது, வெறும் குழாய், எனவே மலிவானது போதும்.

நீலத்தைப் பற்றி ஒன்று. அந்த நிறம் சாயமில்லை, செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் சாம்பலாகத் தெரியும். சிறகை விரிக்கும்போது தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள், ஓரிடத்தில் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

மேய்ச்சல்:

அடையாளம் காண்பதற்கு அழகான படம் வேண்டாம், உபயோகமான படம் வேண்டும். அடிப்புறம் நேராக ஒன்று, புள்ளிகளும் அவற்றைச் சுற்றின வெள்ளை வளையமும் எண்ணுகிற மாதிரி. மேல்புறம் ஒன்று. உட்கார்ந்திருந்த செடி இலையோடும் பூவோடும் தனியாக ஒன்று. புழு, எறும்பு, முடிந்தால் முட்டை. மொத்த இடமும் தெரிகிற ஒரு அகலப்படம், அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷம் கழித்துப் புல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க அது ஒன்றுதான் உதவும். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சில நீலன்களைப் படத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, அதற்கும் தயாராக இருங்கள்.

அப்புறம் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. யார் வெட்டுகிறார்கள்?

குட்டித்தூக்கம்:

இடையில் ஒரு சந்தேகம், இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி எடுப்பதில் பிரச்சினை இல்லையே?

ஈரமண்:

விடியும் வரை எரியவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், உங்கள் பெயரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. விடிந்ததும் பறவைகள் அந்தத் துணியில் விருந்து வைத்துவிடும், இரண்டு நாளில் பழகியும் விடும். நள்ளிரவுக்கு மேல் அணைத்துவிட்டு, துணியில் இருப்பவற்றை மெதுவாகப் புதருக்குள் உதறிவிட்டு வாருங்கள். தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

புல்நுனி:

கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை ஐந்தரைக்கே போய், நசுங்கின அதே வட்டத்தில், வேறெங்கும் மிதிக்காமல், சாக்கு விரித்துப் படுத்தேன். இரண்டு புல்தாள் தள்ளித் தலைகீழாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, முதலில் காய்ந்த இலை என்று நினைத்தேன். அபர்ச்சர் 9, ஷட்டர் 1/200, முக்காலி விரிக்க இடமில்லாததால் பையின்மேல் கேமரா. 22 படம்தான் எடுத்தேன், அதில் ஆறு உருப்படி. அடிப்புறம் முழுசும் தெளிவு. மேல்புறம் எடுக்க வெயிலுக்குக் காத்திருந்தபோது சிறகை விரித்தது, பழையலென்ஸ் சொன்ன அந்த நீலம் பற்றிக்கொண்டது, நான் பார்த்துக்கொண்டே இருந்து அழுத்த மறந்துவிட்டேன். மேல்புறம் இன்னும் இல்லை.

மேய்ச்சலுக்குப் பதில். அந்தச் சரிவுக்குச் சொந்தக்காரர் ஒரு வயதானவர், பக்கத்தில்தான் இருக்கிறார். நான் திருட்டுத்தனமாக ஏதோ செய்கிறேன் என்று முதல் வாரத்திலிருந்தே என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் போய் கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். பூச்சி அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் செடியை உடனே அடையாளம் சொன்னார். முன்பெல்லாம் ஆடுகள் மேய்ந்ததாம், நிறுத்திப் பல வருஷமாகிறதாம், இப்போது வருஷத்துக்கு ஒருமுறை இயந்திரம் விட்டு அடியோடு வெட்டுகிறாராம். எப்போது என்று கேட்டேன். வருகிற புதன்கிழமை என்றார்.

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. முட்டை, புழு, எறும்பு எல்லாம் சொன்னேன், வேகவேகமாக, பாதி உளறலாக. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தத் தேய்ந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினால் போதுமா என்றார். போதுமா? மேய்ச்சல், எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

மேய்ச்சல்:

இப்போதைக்குப் போதும். சுற்றி இரண்டு மீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள், நான்கு மூலையிலும் குச்சி நட்டு நீங்களே குறித்துக் கொடுங்கள், இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் செடி தெரியாது. ஆனால் அப்படியே நிரந்தரமாக விட்டுவிடவும் கூடாது, புல் ஏறி அந்தச் செடியை மூடிவிடும். கூட்டுப்புழுவும் வெளிவந்து பறந்து முடிந்த பிறகு, பூ முழுக்க ஓய்ந்த பிறகு, கொஞ்சம் உயரத்தில் வெட்டி, வெட்டின புல்லை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஆட்டைத் திரும்ப விடுவாரா என்று மெதுவாக அடுத்த முறை கேளுங்கள், ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள்.

வேகக்காற்று:

குச்சி நட, புல் அள்ள ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கேமரா இல்லாமல் வருகிறோம். கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி.

கல்லிடுக்கு:

இரண்டு பேர் போதும்.